விதானைக் காக்காவின் ஒப்பம்

பாம்புக்கடிப் பாடத்தைத் தொடங்கும் நேரத்தில்தான் என் கைத்தொலைபேசி அடித்தது. அழைத்தவர் எங்கள் ஊர்க்காரர். சாகாமத்துப் பக்கம் வயல் வட்டைகளுக்கு நீர் பங்கிட்டுக் கொடுக்கும் விதானை. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்; அவரை விதானைக் காக்கா என்போம். "தங்கச்சி, இண்டைக்கித் தண்ணி முற. மடையத் துறந்து போட்டு வரேலாது, வெட்டுக்குத்து நடக்கும். நீங்களே ஒப்பத்த வெச்சிருங்களன்" என்றார். பின்னால் ஆட்கள் வாக்குவாதப்படுவது எனக்கும் கேட்டது.

ஆசுபத்திரி எட்டாத இடங்களில் முதலுதவி செய்வோருக்கு எங்கள் தொண்டர் சங்கம் கொடுத்த சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். அதன்பின் ஒருநாள் வகுப்புக்கு வந்து புதுப்பிக்க வேண்டும். வராதவர் அட்டையையும் மருந்துப் பையையும் திருப்பித் தந்துவிட வேண்டும். வகுப்புக்குப் பொறுப்பானவள் நான். அவருடைய பையைப் பறித்தால் அந்த வட்டைக்கு வேறு நாதியில்லை. வரவுத்தாளில் அவர் பெயருக்கு நேரே நானே ஒப்பம் வைத்தேன். சங்கமோ கூட்டமோ, வராதவருக்கு வந்தவர் ஒப்பம் வைப்பதை எங்கள் பக்கம் யாரும் களவென்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

சோம்பேறி என்று அவரை யாரும் எண்ணிவிடக் கூடாது. சுனாமியாகக் கடல் வந்த காலையில், கல்முனைக் கரையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியை இழுத்தெடுத்தவர் அவர். அவளுக்கு மூச்சு இருந்ததாம். "மடியில போட்டுக்கிட்டு ஓதத்தான் தெரிஞ்சிச்சி தங்கச்சி, வேற ஒண்டும் தெரியல்ல" என்பார். அந்த மூச்சு அவர் மடியிலேயே நின்றுபோனது. அதனால்தான் அடுத்த வருடம் நாங்கள் தொடங்கிய முதல் வகுப்புக்குத் தானாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இரத்தம் பெருகினால் இறுக்கிக் கட்டுவது எப்படியென்று மற்றவர்களுக்குக் காட்ட, அவர் போட்ட கட்டைத்தான் காட்டுவோம். அந்த வகுப்பில் பாம்புக்கடி இல்லை. விவசாயிகள் கேட்டுக்கொண்டதால் அதைப் புதுப்பித்தல் வகுப்பில்தான் சேர்த்தோம். கட்டவே கூடாது, காலை அசைக்காமல் வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். பாடம் அவ்வளவுதான், சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலம் போதும்.

அடுத்த அறுவடையில், வடக்கில் யுத்தம் உச்சத்தில் இருந்த நாட்களில், திருக்கோவில் பக்கமிருந்து வெட்டுக்கு வந்த ஒரு பெண்பிள்ளையைப் புடையன் பாம்பு கடித்தது. காக்கா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். தலைப்பாவைக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடிக்குச் சாவடி ஆமிக்காரர் இறக்கினார்கள். தமிழ்ப் பிள்ளை, அடையாள அட்டை வயலில் விட்ட பையில். அதற்காகவே ஓரிடத்தில் நெடுநேரம் வெயிலில் வைத்திருந்தார்கள். கட்டு தளரத் தளர இவர் மறுபடி இறுக்கியிருக்கிறார். ஆசுபத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், காலை எடுத்துவிட்டார்கள். விஷம் பாதி, கட்டு பாதி என்றார் டொக்டர்.

சங்கம் விசாரணை வைத்தது. அன்றைக்கு வீதியில் யுத்தம் முடிந்ததென்று வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். விசாரித்த வெளியூர்க்காரரின் கையில் என் வரவுத்தாள். படிக்காமல் கட்டியிருந்தால் அது அறியாமை, மன்னிக்கலாம்; படித்து ஒப்பமும் வைத்தவர் கட்டினால் அது குற்றம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் தப்பிவிடுவார். என் வேலை போய்விடும். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"பாம்பு கடிச்சா கட்டக் கூடாதெண்டு வகுப்பில சொல்லித் தந்தாங்களா?"

காக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஓம் சேர், சொல்லித் தந்தாங்க. நான்தான் மறந்து போனன்."

அட்டையைப் பறித்தார்கள். வெளியே வந்ததும் அவருக்குப் பின்னால் ஓடினேன். "உடுங்க தங்கச்சி. ஒப்பம் வைக்கச் சொன்னது நான்தானே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். வெட்கமில்லாமல் எனக்கு நெஞ்சு இலேசானது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. வட்டையில் "படிச்ச டொக்டர்" என்று அவரை முகத்துக்கு நேரே நக்கலடித்தார்கள். அடுத்த போகமே விதானை வேலையை விட்டார்.

புதுப்பித்தல் வகுப்பை இப்போதும் நான்தான் நடத்துகிறேன். என் அட்டை ஒரு முறைகூடக் காலாவதியானதில்லை. கட்டக் கூடாது என்று வருடா வருடம் நானே சொல்லிக் கொடுக்கிறேன், நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பாராட்டுகிறார்கள்.

போன வருடம் காக்கா மௌத்தானார். மையித்து வீட்டில் பெண்களோடு பெண்ணாக நான் இருந்தபோது, அந்தப் பிள்ளை ஊன்றுகோலோடு முற்றத்துக்கு வந்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வகுப்பு நடத்துகிறவள் என்று என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல மனிசன் அக்கா. ஒரு போகம் தவறாம எங்கட வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போவார்" என்றாள். பிறகு, பல வருடமாகக் கேட்க நினைத்ததைப் போல மெல்லக் கேட்டாள்: "நீங்க கட்டக் கூடாதெண்டு சொல்லிக் குடுத்தும் அவர் என்னத்துக்கு அப்பிடிக் கட்டினவர்?"

உள்ளே அவர் உடலுக்குக் கபன் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மறந்து போயிட்டார் புள்ள" என்றேன்.