மோதிரம் போட்ட கை

கதை வுடறான்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். இது நடந்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல, மருந்துக்கடை மாடியில, நல்ல பட்டப்பகல்ல நடந்தது.

மோகன்ராஜும் ஆபேலும் அந்த மாடி ரூம்ல ஒண்ணா படம் வரையறவங்க. ஆயர், அதான் பிஷப், அவரோட வெள்ளிவிழாவுக்கு சர்ச்சுல அவர் ஆளுயரப் படம் கேட்டிருந்தாங்க. முதல்ல ஆளுக்கு ஒரு ஸ்டடி, அதாவது சின்னதா ஒரு ஆயில் மாதிரிப் படம் போடணும். எது நல்லா வருதோ அவங்களுக்குப் பெரிய படம். ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு சர்ச் ஃபாதர் வந்து பார்ப்பார்.

ஆபேல் ஆயர் முன்னாடியே உட்கார்ந்து வரைஞ்சான். மோகன்ராஜுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஆயரோட ஒரு செல்ஃபி எடுத்துக்கினு வந்து, அதைப் பார்த்துப் போட்டான். ஆபேல் படத்துல ஆயர் இப்பத்தான் இருமிட்டு நிமிர்ந்த மாதிரி இருந்தார். இவன் படத்துல காலண்டர் சாமி மாதிரி இருந்தார். தொழிலுக்கு நேத்து வந்த பையன்... மோகன்ராஜுக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சது. ரெண்டு நாளா சோறு இறங்கல.

சனிக்கிழமை மத்தியானம். ஆபேல் அன்னைக்கும் வரல. மோகன்ராஜ் துணியைப் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன்ல நனைச்சான். ஆபேல் படத்துல ஆயர் முகத்தை ஒரே இழுப்பு. பெயிண்ட் இன்னும் காயல, மொத்தமா வழிச்சுக்கினு வந்துடுச்சு. நிம்மதியா கீழே டீ குடிக்கப் போனான்.

ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தா, ரூம்ல சத்தம்.

சரக்... சரக்...

ஆபேல் முதுகைக் காட்டிக்கினு நின்னு வரையறான். அவன் படத்துல இல்ல. மோகன்ராஜ் படத்துல.

வாசல்ல செருப்பு இல்ல. ஃபேன் முழு வேகத்துல ஓடுது. சுவத்துல இருக்கிற பேப்பரெல்லாம் படபடக்குது. அவன் சட்டை மட்டும் அசையல.

"இன்னாடா பண்றே?"

"மோதிரம் வலது கையில இருக்கணும்ணா. செல்ஃபி மாத்திக் காட்டிடுச்சு."

அவன் திரும்பல.

"உன் படம்..." மோகன்ராஜ் அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"அதுக்கு முகம் வேணாம்ணா."

சரக்... சரக்...

பாக்கெட்ல போன் அடிச்சது. மோகன்ராஜ் குனிஞ்சு எடுத்தான். பொண்டாட்டி சுபத்ரா.

"என்னங்க, ஆபேல் போயிட்டாருங்க. வேளச்சேரி ரோட்டுல லாரி... இப்பத்தான், ஒரு மணி நேரம் முன்னாடி. முகமே இல்லையாம்..."

நிமிர்ந்தான்.

யாரும் இல்ல.

மோகன்ராஜ் படத்துல இடது கையில இருந்த ஊதாக் கல் மோதிரம், இப்ப வலது கையில. ஈரமா மின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை ஃபாதர் வந்தார். முகமில்லாத படத்தைப் பார்த்து சிலுவை போட்டுக்கிட்டார். அப்புறம் மோகன்ராஜ் படத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்னார். "முகம் சுமார்தான் மோகன். ஆனா இந்தக் கை... இது ஆயர் கையேதான். பெரிய படம் நீங்களே பண்ணுங்க."

ஜெயிச்சிட்டான். ஆனா வயித்தெரிச்சல் அடங்கல. செத்தவன்மேல பொறாமைப்பட்டா அதை எங்கே போய்ச் சொல்றது? நானேதான் வரைஞ்சேன், பயத்துல மறந்துட்டேன்னு தனக்குத்தானே சொல்லிக்கினே இருந்தான். சொல்லச் சொல்ல பாதி நம்பியும் விட்டான்.

திங்கக்கிழமை அடக்கத்துக்குப் போனான். பெட்டியை மூடியேதான் வச்சிருந்தாங்க. ஆபேலோட தங்கச்சி ஏஞ்சல் அவன் கையைப் பிடிச்சுக்கினு அழுதா.

"நாலு நாளா காய்ச்சல்ணா அவனுக்கு. பிரஷ்ஷையே தொடல. சனிக்கிழமைதான் எழுந்து, உங்களைப் பார்க்கணும்னு கிளம்பினான். உங்க படத்துல ஏதோ தப்பு கீதாம், ஃபாதர் வர்றதுக்குள்ள சொல்லிடணும்னான். குளிப்பாட்டும்போது பார்த்தேன்ணா... விரல் பூரா ஊதாப் பெயிண்ட்."

மோகன்ராஜ் கையை இழுத்துக்கப் பார்த்தான்.

"எத்தனை தடவை துடைச்சும் போகலண்ணா. பெட்டியை மூடுற வரைக்கும் ஈரமாவே இருந்துச்சு."