காற்றுக்குக் கை தட்டியவர்

இந்த நாட்டில் காற்றுக்கும் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: காலையும் மாலையும் யன்னல்களை அகலத் திறந்து பழைய காற்றை வெளியே அனுப்பிப் புதிய காற்றை உள்ளே விடவேண்டும். லுஃப்டன் என்று அதற்குப் பெயர். வெளியே பனி கொட்டினாலும் விலக்கில்லை. காசைக் கொட்டி வீட்டைச் சூடாக்கி, பிறகு அந்தச் சூட்டை யன்னலால் வெளியே தள்ளுகிற இந்தச் சனத்தின் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ஃப்ராவ் கெல்லருக்கு எங்கள் யன்னல் மூடியிருந்தால் இருப்புக்கொள்ளாது. "சூடான நாட்டிலிருந்து வந்தவர், குளிருக்குப் பயம்" என்று என் தோளைத் தட்டிச் சிரிப்பார். "உங்கள் கணவரைப் பாருங்கள், அவர் எப்போதோ ஜெர்மன்காரர் ஆகிவிட்டார்." உண்மைதான். எழுந்ததும் யன்னலைத் திறந்து, முகத்தில் காற்று அடிக்கக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் இவர். பின்னாலேயே போய்ச் சாத்துபவள் நான். காரணம் குளிரல்ல என்று ஃப்ராவ் கெல்லருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரிந்த ஜெர்மன் போதாது. தெரிந்த தமிழாவது போதுமோ என்று எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து தலைநகரின் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தோம். அங்கே யன்னலைச் சாத்தி வைப்பதுதான் எழுதாத சட்டம். தமிழில் உரத்துக் கதைத்தால் தெருவுக்குக் கேட்கும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தக் கஷ்டகாலத்தில் ஒரு சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு நகரின் மறுபக்கம் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தனியே போகவேண்டாமென்று இவரும் துணைக்கு வருவார். நெற்றியில் திருநீற்றோடு, கடைசி வரிசையில், கண்ணைத் திறந்தபடி இருப்பார். "நீர் கூப்பிடும். வந்தா நான் பாக்கிறன்" என்று பஸ்ஸில் கேலி செய்வார். அவர் மனம் திரும்பவேண்டுமென்று இரண்டு வருடம் அழுது ஜெபித்தேன்.

எங்கள் பாஸ்டருக்குக் காற்றைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளைப் பிரியம். ஆதியில் இருண்ட தண்ணீரின் மேல் அசைந்தது காற்று, மண்ணால் செய்த மனிதனுக்கு உயிர் கொடுத்தது ஊதிய மூச்சு என்று தொடங்குவார். உலர்ந்த எலும்புகள் கிடந்த பள்ளத்தாக்குக்கு நான்கு திசைக் காற்றும் வர, எலும்புகள் எழுந்து சேனையாக நின்ற கதையைச் சொல்வார். சேனை என்ற சொல் வந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவார். கீழே தெருவில் யார் நிற்கிறார்களோ! எல்லாவற்றுக்கும் மேலாக, பயந்துபோய் ஒரு வீட்டுக்குள் கூடியிருந்த சீஷர்கள்மேல் பெருங்காற்றாக ஆவியானவர் இறங்கிய கதை. அது எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நம்ப எங்களுக்கு அதிகம் சிரமம் இருக்கவில்லை.

அந்தக் காற்று இறங்கிய நாளை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே நாளுக்கு முந்திய கிழமை உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள். வேலைநாள், முற்பகல். யன்னல்களைக் கொழுக்கி போட்டுச் சாத்தியிருந்தோம். மின்வெட்டால் விசிறியும் நின்றுவிட்டது. வேர்வையில் நனைந்து, பசியில் தலை சுற்ற, இறங்கி வாரும் என்று எல்லோரும் உரத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது வந்தது. வானம் கிழிந்ததுபோல ஒரு முழக்கம். வீடு ஒருமுறை குலுங்கியது. கொழுக்கிகள் தெறித்து, யன்னல்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்து, ஒரு பெருங்காற்று கூடத்தை நிறைத்து எங்கள் முக்காடுகளைப் பறித்துக்கொண்டு போனது. "ஸ்தோத்திரம்!" என்று முதலில் எழுந்த குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. இவருடைய குரல். திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் வழிய, கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டிக்கொண்டு நின்றார். உடனே வீடு முழுவதும் அல்லேலூயா, கைதட்டல், ஆவியில் நிறைந்தவர்கள் பேசும் அந்நியபாஷை. அந்தச் சில நிமிடங்களில் எனக்கிருந்த சந்தோஷம் என் கலியாண நாளிலும் இருந்ததில்லை.

பிறகு மூக்கில் கரித்தது. எரிந்த கடதாசித் துண்டுகள் யன்னலால் உள்ளே பறந்து வந்தன. எட்டிப் பார்த்தேன். வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த கோட்டைப் பக்கம் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. கீழே ஒழுங்கையில் எதிர்வீட்டுச் சிங்களப் பெண் செருப்பில்லாமல் நின்றார். அவருடைய மகனுக்குக் கோட்டையில்தான் வேலை. எங்கள் கைதட்டலைக் கேட்டு அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எனக்குப் பின்னால் அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பொலிசுக்குச் சொன்னது யார் என்று பிறகு எங்கள் ஆட்கள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அந்தப் பெண் சொல்லியிருந்தால்தான் என்ன? குண்டு வெடித்த கையோடு தமிழர் வீட்டில் ஆரவாரம். நானென்றாலும் சொல்லியிருப்பேன்.

மத்தியானத்துக்குள் பொலிசார் வந்துவிட்டார்கள். "அத்புடி கெஹுவே ஆய்?" ஏன் கை தட்டினீர்கள் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். முதலில் தட்டியது யார் என்று கேட்டபோது இவர் எழுந்து நின்றார். "ஹுளங் ஆவா, சேர்" என்றார். காற்று வந்தது. அதிகாரி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். காற்று எங்கேயிருந்து வந்தது, வருமென்று உனக்கு முன்கூட்டியே சொன்னது யார் என்று கேட்டார். சொன்னவர் அதே கூடத்தில்தான் நின்றார். இவர் பாஸ்டரின் பக்கம் திரும்பாமல் நிலத்தைப் பார்த்தார். ஆண்கள் எல்லோரையும் கொண்டுபோனார்கள்.

பயத்தில் அலறினோம், கை தட்டவில்லை என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லவேண்டும் என்றார் சட்டத்தரணி. சொன்னவர்கள் ஒவ்வொருவராக வீடு வந்தார்கள். பாஸ்டரும் வந்தார். இவர் மட்டும் வரவில்லை. பார்க்க விட்ட அன்று, கம்பிவலையைப் பிடித்திருந்த அவருடைய விரல்களில் இரண்டு நேராக நிற்கவில்லை.

"இஞ்சேருங்கோ, பயத்தில கத்தினனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பாஸ்டரே சொல்லிப்போட்டு வந்திட்டார்."

"நான் பயத்தில கத்தேல்லையே."

"அது குண்டு எண்டு இப்ப தெரியுந்தானே!"

"வெளியில வெடிச்சது குண்டு. எனக்குள்ள வந்தது வேற. நீர்தானே ரெண்டு வருசமா அழுதனீர்? இப்ப அதை இல்லையெண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

எனக்குக் கோபம் வந்தது. கடவுள்மேலா இவர்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து ஒருநாள் விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தோம் என்று சொன்னவர்கள் ஏன் விடுகிறோம் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு மகன் திரும்பி வந்தானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த ஒழுங்கைக்கு நாங்கள் பிறகு போகவேயில்லை.

இங்கே வந்த பிறகு வேதத்தை நானாகவே முதலிலிருந்து வாசித்தேன். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பாஸ்டர் சில காற்றுகளைப் பொறுக்கி எறிந்திருந்தார். வெட்டுக்கிளிகளை ஒரு தேசத்தின்மேல் கொண்டுவந்து கொட்டியது கீழைக்காற்று. யோபுவின் பிள்ளைகள் விருந்துண்ட வீட்டின் நான்கு மூலையிலும் அடித்து, அவர்கள்மேல் அதை விழுத்தியது வனாந்தரக் காற்று. மலையில் நின்ற எலியாவுக்கு முன்னால் கன்மலைகளை உடைத்துக்கொண்டு ஒரு பெருங்காற்று வந்தது. அந்தக் காற்றில் கடவுள் இருக்கவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது.

இந்த வருடப் பெந்தெகொஸ்தேக்கு, இங்கே ஃபிங்ஸ்டன் என்பார்கள், வேற்று நாட்டவர்கள் அந்தப் பெருங்காற்றுப் பகுதியைத் தத்தம் மொழியில் வாசிக்கவேண்டுமென்று ஊர்ப் போதகர் கேட்டார். இவர் உடனே சம்மதித்துவிட்டார். முதல்நாள் பின்னேரம் நான் எலியாவின் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதையும் ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். தேத்தண்ணி ஆற ஆற மறுபடியும் வாசித்தார்.

"அந்தக் காத்தில கடவுள் இல்லையெண்டா, நான் எதுக்குக் கை தட்டினனான்? நீரே சொல்லும்."

நான் அவருடைய ஆறிப்போன தேத்தண்ணியை எடுக்கக் கை நீட்டினேன்.

"அப்ப குண்டுக்குத்தான் தட்டினனெண்டு பொலிஸ்காரர் சொன்னதுதான் சரியெண்டாகிடும்" என்று மெதுவாகச் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

இத்தனை வருடம் அவருடைய விசுவாசத்தைப் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். அவருக்கு நிற்பதற்கு வேறு இடமே இருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. இவர் முன்னால் போய், குரல் நடுங்காமல், வீடு முழுவதையும் நிரப்பிய அந்தக் காற்றைத் தமிழில் வாசித்தார். முடித்ததும் ஜெர்மன்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். "என்ன இனிமையான மொழி!" என்று ஃப்ராவ் கெல்லர் என் காதுக்குள் சொன்னார். அத்தனை முகங்களுக்கு நடுவே இவர் என் முகத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். நானோ, தெருவில் நின்று யாராவது இதைக் கேட்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி இவரைப் பார்த்து ஆமோதிப்பதுபோல் தலையை ஆட்டினேன். கைகள் மடியை விட்டு எழும்பவில்லை.