அரியலூர்ப் பட்டியலில் என் பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் சென்னைக் கல்லூரி ஒன்றில் தொல்லுயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செத்துக் கல்லாகிப்போன பிராணிகளைப் பற்றிய படிப்பு. மயிலாப்பூரில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். அவர்களும் எழுந்துவிடுவார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

வருத்தமெல்லாம் அரியலூரை நினைத்துத்தான். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. அது போன இடத்தில் சிப்பிகளும் சுருள் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. வருஷா வருஷம் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கி, சாக்குச் சாக்காகக் கல் கொண்டுவருவார்கள். அதைப் பிரித்து, பெயர் எழுதி, இழுப்பறையில் அடுக்குவது என் வேலை. ஆறு வருஷம் அடுக்கினேன். வீட்டுக்குப் போகும்போது தினமும் மெரினாவைத் தாண்டித்தான் போவேன். அந்தக் கடல்மேல் எனக்கு ஒரு ஆசையும் வந்ததில்லை. இல்லாமல் போன கடலுக்காக ஏங்கினேன். ஒரே ஒரு கல்லையாவது அங்கே மண்ணிலிருந்து என் கையால் எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

பெண்கள் போகக்கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

அப்போதெல்லாம் பெண்கள் எந்தத் தாளில் பெயர் எழுதினாலும் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'மிஸ்' என்றோ 'மிஸஸ்' என்றோ போடவேண்டும். அந்த வருஷம் அரியலூர் போவதற்கு எழுதிய விண்ணப்பத்தில் நான் போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். முன்னால் இரண்டு இனிஷியல், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். மேலிடத்துக் குமாஸ்தா பாவம், என்னத்தைக் கண்டார்? 'மிஸ்டர்' போட்டு அனுமதி அனுப்பிவிட்டார்.

"கல் பொறுக்கறதுக்கு ரயிலேறிப் போவாளோ? நம்மாத்துக் கொல்லையில இல்லாத கல்லா?" என்றாள் அம்மா. ஆனால் புளிக்காய்ச்சலைக் கிளறி வைத்தது அவள்தான். நான் பாண்டி பஜாருக்குப் போய்க் கான்வாஸ் ஷூ வாங்கினேன். ஆண்கள் ஷூதான் இருந்தது, முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தபோது அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னிக்குத்தான் கவனிச்சாங்கம்மா. ஆர்டரைத் திருத்தி அனுப்பியிருக்காங்க" என்றார். நல்ல மனிதர்தான். என் முகத்தைப் பார்க்காமல் மைக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்குப் பதிலாகப் போகவேண்டியவர் ஒரு இளம் ட்யூட்டர், போன வருஷம்வரை என்னிடம் படித்தவர். சாயங்காலம் அவரே என் அறைக்கு வந்து நின்றார்.

"எங்க தேடறதுன்னே தெரியலை மேடம்."

போய்த் தேடிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை கோபம் இருந்தது. சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து வரைந்து கொடுத்தேன். இந்த ஓடை இரண்டாவது தடவை வளைகிற இடம், இடது கரை, மஞ்சள் களிமண்ணுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் பார்க்கவேண்டும். பழைய வரைபடங்களையும், ஆறு வருஷமாகக் கல்லோடு ஒட்டிவந்த மண்ணையும் பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்து வெயிலில் கறுத்துத் திரும்பிவந்தார். தட்டு அகலத்துக்கு ஒரு சுருள் கல்லை என் மேஜைமேல் வைத்தார். இழுப்பறைகளில் அதற்கு ஜோடி கிடையாது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நீங்க வரைஞ்ச இடத்துலயே இருந்துச்சு மேடம். அந்த வளைவு, மஞ்சக் களிமண்ணு, எல்லாம் அப்படியே. நீங்க எந்த வருஷம் அங்க போயிருந்தீங்க?"

போனதே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரொம்ப வருஷமாச்சுப்பா" என்றேன்.