அப்பா ஏக்கம்

“தாய்: மலர்கொடி, இல்லத்தரசி. முழுநேரமும் உடனிருந்து குழந்தையைக் கவனிப்பவர்.” மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் படிவம் இப்படிச் சொல்கிறது. இல்லம் மாமியார் பெயரில் இருக்கிறது. அரசி என்பதற்கு வெகு அருகில் அவள் போனது ரேஷன் அரிசி வரைக்கும்தான். விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கி, வெயில் ஏறும்வரை உப்பு வாருகிறவளுக்குப் படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

மகள் பெயர் தமிழ்நிலா. ஐந்து வயதாகப் போகிறது; தமிழ் வரவில்லை. வேறு மொழியும் வரவில்லை. பெற்றோர் முகாமுக்கு வந்த ஆலோசகர் பிரியதர்ஷினி, காரணத்தை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

“அப்பா என்ன பண்றாரு?”

“லாரி ஓட்டறாருங்க மேடம். உப்பு லோடு, பெங்களூரு. மாசத்துக்கு ரெண்டு தபா வருவாரு.”

“அதான். அப்பா ஏக்கம். வேலைய மாத்தச் சொல்லுங்க.”

“வீட்ல நான் சொல்றதெல்லாம் புரிஞ்சுக்குது மேடம்.”

“பாத்தீங்களா? புரியுது, பேச மாட்டேங்குது. எல்லாம் மனசுலதான் இருக்குது.”

அவள் கணவன் சிலம்பரசன் அந்த வாரமே லாரியை விட்டான். “பொண்ணவிட ஸ்டியரிங் பெருசா?” என்று கேட்டுவிட்டு அளத்தில் உப்பு சுமக்கப் போனான். ஐப்பசி மழையில் அளம் மூடியது. மூன்று மாதம் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, “அப்பா சொல்லு, அப்பா சொல்லு” என்றான். அவள் அவன் வாயையே பார்த்தாள், சிரித்தாள், என்னவோ ஒரு சத்தம் போட்டாள். அது அப்பா இல்லை.

தை மாத முகாமில் பிரியதர்ஷினி மறுபடி யோசித்தார். “அப்பா எந்நேரமும் வீட்லயே இருந்தா குழந்தைக்கு பிரஷர் ஆயிடும். வேலைக்கு அனுப்புங்க.” லாரிக்கு அதற்குள் வேறு டிரைவர் வந்திருந்தான்.

அளம் திறந்தது. மலர்கொடி மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கடல் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சினைக் கிளப்பியபோது வெடிபோட்டதுபோல் ஒரு சத்தம். கொக்குகள் மொத்தமாக எழும்பின. கூட வேலை செய்யும் அந்தோணியம்மாள் தூக்குவாளியைக் கீழே போட்டாள்.

“ஏண்டி மலரு, உன் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல?”

“அதுக்கு இஞ்சின் பழகிடுச்சிக்கா. கைக்குழந்தையிலேர்ந்து பக்கத்துலயே தூங்கும். சமத்து.”

சொல்லி முடித்தவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். “நிலா,” என்றாள். “நிலா.” மூன்றாம் முறை கத்தியதில் நாலு பாத்தி தள்ளி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நிலா மட்டும் திரும்பவில்லை.

இஞ்சின் ஓடும் இடத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. உள்ளங்கையைக் காட்டினால் மடையை அடை, விரலைச் சுழற்றினால் இஞ்சினை நிறுத்து. அந்தக் கைப்பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. மலர்கொடி மகளைச் சாப்பிடக் கூப்பிட்டதும் கையால், அதட்டியதும் கையால். குழந்தைக்கு எல்லாம் புரிந்தது அதனால்தான். தாய்க்கு ஒன்றும் புரியாமல் போனதும் அதனால்தான்.

“அப்ப நான் லாரிய விட்டது?” என்றான் சிலம்பரசன் சாயங்காலம்.

தன் பெயரையே ஒருமுறைகூடக் கேட்டிராத பெண் இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலர்கொடி வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் மகளைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குச் சீட்டுப் போட்டாள்.