நார்மல் அக்காவின் முழங்கை

ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கும் அவளுக்கு அங்கே வைத்த பெயர் நார்மல் அக்கா. தோல் நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமென்றால், எட்டு வருடமாக இவள்தான் கையை நீட்டுகிறாள். நெற்றியில் டேப்பை ஒட்டி உரித்தால் தோல் எண்ணெயும் தயார். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே.

அன்று காலை மெஷின் காட்டிய எண் அவளை இன்னொரு முறை பார்க்க வைத்தது. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்களான அவளுடைய டி செல்கள் அவளுடைய எண்ணெயைக் கண்டே சண்டைக்குக் கிளம்பியிருந்தன, நோயாளிகளின் செல்களைப் போலவே. கிருமி என்று ஒன்று இருந்தால்தானே! டெஸ்டை மறுபடி ஓட்டினாள். அதே எண்.

சட்டைக் கைக்குள் முழங்கை அரித்தது. மூன்று வாரமாக அங்கே ஒரு சிவந்த திட்டு, செதில் செதிலாக உதிர்கிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கும் இந்தத் தோல் நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. இன்று அவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது, நோய் மூட்டுக்கும் போய் விரல்கள் மடங்கிவிட்டன. விரலை நம்பிப் பிழைக்கிறவளுக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

"டாக்டர், மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா பாருங்களேன்."

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"டி செல்லுன்னா புரதத்தை மட்டுந்தான் பாக்கும்னு முன்னாடி நெனச்சோம். சிலதுக்குக் கொழுப்பும் அடையாளம் தெரியுதுக்கா. தோல்ல ஒரு மூலக்கூறு நம்ம எண்ணெயையே தூக்கிக் காட்டுது, இதுங்க வந்து பாக்குது. நல்லா இருக்கறவங்க உடம்புலயும் இது கொஞ்சம் உண்டு. ஆனா இவ்வளவா? உங்களுக்குத் தோல்ல ஒண்ணும் இல்லையே?"

"ஐயோ, ஒண்ணுமே இல்ல டாக்டர்!"

"அப்ப இந்த அளவும் நார்மல்தான்னு எழுதிடறேன். நாம தயாரிக்கற இந்த டெஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, இதுக்கு மேல இருந்தாத்தான் நோய்னு கணக்கு."

அவளுக்குப் பகீரென்றது. இதே எண்ணோடு வருகிறவனை ஒன்றுமில்லை போ என்று அனுப்பிவிடுவார்களே! அண்ணனையும் முதலில் அப்படித்தான் அனுப்பினார்கள், பாவிகள்.

"எழுதாதீங்க!" சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "பயத்துல பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா திட்டை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. ட்யூபின் மேல் எழுதியிருந்த 'நார்மல்' என்ற சொல்லை அடித்துவிட்டு, நோயாளிகள் வரிசையின் அடுத்த எண்ணை எழுதினார்.

பக்கத்து அறையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "நார்மல் அக்கா, டீ ஆறுது!"

சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடாமலேயே அவள் டீ குடிக்கப் போனாள்.