மாடிப்படி படத்துக்கு நான் எழுதிய வரி

தென்காசியில் என் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு குற்றாலத்து லாட்ஜ்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். செய்து கொடுத்தால் மட்டும் போதாது. சாரல் ஆரம்பித்ததும் செல்போனில் 'குற்றாலம் ரூம்' என்று தேடுகிறவர்களுக்கு அந்த லாட்ஜ் முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்குப் படங்கள் பெரிய உதவி. படத்தின் அளவைக் குறைப்பேன், ஊர்ப்பெயர் வைத்துச் சேமிப்பேன். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதுவேன். அது திரையில் தெரியாது. கண்பார்வை இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தால், படத்துக்குப் பதிலாக அந்த வரியைத்தான் போன் வாசித்துச் சொல்லும். அவர்களுக்காகவே ஏற்பட்டது அது. படிக்கிற காலத்தில் நோட்டில் எழுதி அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன். தேடுபொறியும் அதைப் படிக்கிறது என்று தெரிந்த பிறகு, தேடுபொறிக்கு மட்டுமே எழுதினேன்.

ஐந்தருவி சாலையில் ஒரு அண்ணாச்சியின் லாட்ஜ். மொத்தம் பதினாலு படம். 'குற்றாலம் அருவி அருகில் குறைந்த வாடகை குடும்ப லாட்ஜ்' என்று ஒரு தடவை எழுதி, எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டினேன். கட்டிலுக்கும் அதுதான், குளியலறைக்கும் அதுதான், மாடிப்படிக்கும் அதுதான். அடுப்பில் சோறு வேகிற நேரத்துக்குள் வேலை முடிந்தது. சில வாரங்களில் லாட்ஜ் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு பை நிறைய ரம்புட்டான் கொடுத்தனுப்பினார்.

ஆனியில் ஒரு நாள் காலையில் அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போ. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு வந்திருக்காவ. ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது. வெப்சைட்டுல ஏமாத்திட்டோம்னு சொல்லுதாவ."

போனேன். வரவேற்பறையில் அந்தப் பெண் வலது காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. பக்கத்தில் கணவர்; சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்தவர்களுக்கு மாடி அறை கொடுத்திருக்கிறார்கள். படி திரும்புகிற இடத்தில் கைப்பிடி இல்லை. அங்கேதான் விழுந்திருக்கிறாள்.

"புக் பண்ணுமுன்ன ஒவ்வொரு படமா கேட்டேன் மேடம்," என்றார் வாத்தியார். அவர் குரலில் கோபம் இல்லை. "மாடின்னு எதுலயும் வரல. கீழ்ரூமுன்னு நெனச்சிட்டேன். மாடிப்படி எத்தனையாவது படம்?"

"ஒம்பதாவது."

அவர் விரலால் தள்ளித் தள்ளி ஒன்பதாவது படத்துக்குப் போனார். போன் படபடவென்று வாசித்தது: "குற்றாலம் அருவி அருகில் குறைந்த வாடகை குடும்ப லாட்ஜ்." என் வரியை ஒரு குரல் வாசித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"போன்ல விசாரிச்சிருக்கலாமேன்னு அண்ணாச்சி சொல்லுதாரு," என்றாள் அந்தப் பெண். "எதுன்னாலும் யார்ட்டயாவது கேட்டுத்தான் செய்யுதோம். இது ஒண்ணு நாங்களா பாத்து எடுத்ததுன்னு சந்தோசமா வந்தோம்."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அது சாஃப்ட்வேர் தானா எடுத்துப் போட்டுரும் சார்," என்றேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி மேடம்" என்றார்.

ஆட்டோ பிடித்துத் தென்காசியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். முறிவு இல்லை, சுளுக்குதான். கட்டுப் போட்டதும் அப்படியே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அருவியில் ஒரு தடவைகூடக் குளிக்கவில்லை.

மறுநாள் லாட்ஜுக்குப் போய் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்து, பதினாலு வரிகளையும் புதிதாக எழுதினேன். 'மாடிக்குப் போகும் படிக்கட்டு, பதினெட்டுப் படி, நடுவில் இடப்பக்கம் திரும்பும், கைப்பிடி இல்லை.'

"கைப்பிடி இல்லைன்னு நம்மளே எழுதி வைப்பமா? அத எடு," என்றார் அண்ணாச்சி.

"கைப்பிடி வையுங்க அண்ணாச்சி, எடுத்துருதேன்."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வெல்டிங்காரரை வரச் சொன்னார். லாட்ஜ் முதல் பக்கத்திலேயே இருந்தது. வரியை மாற்றினால் லாட்ஜ் பின்னுக்குப் போய்விடும் என்று நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அதை நினைத்தால்தான் கூடுதலாக வெட்கமாக இருக்கிறது. இலத்தூர் ரிசார்ட் ஒன்றையும் இன்னும் சிலவற்றையும் திருத்திவிட்டேன். மற்றவை இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வாத்தியாருக்குப் போன் செய்ய ஒரு மாதம் தயங்கினேன். கடைசியில் செய்தேன்.

"சார், அன்னைக்கு சாஃப்ட்வேர்னு சொன்னது பொய். நான்தான் எழுதினேன்."

"தெரியும் மேடம். எங்க பள்ளிக்கூடத்து வெப்சைட்ட நாந்தான் பாத்துக்கிடுதேன்."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலி இல்லை, ஆனால் படி என்றாலே அவள் பயப்படுகிறாள் என்றார். மறுபடியும் ஒருமுறை வாருங்கள், நானே கூட இருக்கிறேன் என்றேன்.

"அவகிட்ட கேக்கேன்," என்றார்.

இன்னும் அவர்கள் வரவில்லை.