இருட்டில் நிற்காத வாசிப்பு

கரண்ட் போனது. எஸ்தர் வாசிப்பதை நிறுத்தவில்லை.

அதுதான் முதல் அறிகுறி. அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை. முதுகு சில்லிட்டது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. போடியில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். என் கணவர் சரக்கு எடுக்க மலைக்குப் போயிருந்தார். மாலைக் குடும்ப ஜெபத்தில் நானும், அவருடைய அக்காவும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எஸ்தரும் மட்டும் இருந்தோம். அவள் அப்பா கடைசியாக வாசித்த வேதப்பகுதியையே அவளை வாசிக்கச் சொல்லியிருந்தேன். நான் தீப்பெட்டியைத் தேடித் துழாவ, இருட்டுக்குள் அது ஒரு சொல் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு செருமல். என் கணவரின் அதே செருமல், அவர் செருமுகிற அதே இடத்தில்.

குச்சியைக் கிழித்தேன். பிள்ளை கண் கொட்டாமல் சுவரைப் பார்த்திருந்தாள். புத்தகம் மடியில் தலைகீழாகக் கிடந்தது.

"ஏத்தா, இது பிள்ளை குரலா? என் தம்பியில்ல பேசுறான்!" என்றார் மதினி.

மறுநாள் வேறு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அதே பகுதிதான் வந்தது, செருமலோடு. பயந்துபோய்ப் புத்தகத்தைப் பிடுங்கினேன்.

"எழுத்தப் பாத்தா அசையுதும்மா" என்றாள். "பாக்காட்டி சும்மா இருக்கு."

கணவர் இறங்கி வந்ததும் அக்காவும் தம்பியும் முடிவெடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சின்னமனூர்ப் பக்கம் பேய் ஓட்டுகிற ஒரு ஜெபவீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது. அங்கிருந்து திரும்பிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கையால் தலையை மறைத்துக்கொள்வாள்.

"பேய் எங்கயும் ஓடிப் போயிராது" என்றேன். "மொதல்ல மதுரையில டாக்டர்ட்டக் காட்டிட்டு வருவோம்."

கணவர் அரைமனதோடு எங்களைக் கூட்டிப்போனார். மதுரை டாக்டரம்மா கண்ணையும் காதையும் சோதித்தார். குறை ஏதுமில்லை. ஒரு சின்னக் கதையைச் சொன்னார். எஸ்தர் அப்படியே திருப்பிச் சொன்னாள். அச்சடித்த இரண்டு வரியைக் கொடுத்தார். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, வாய் திறக்கவில்லை.

டிஸ்லெக்சியா என்றார் (புத்திக்குக் குறைவில்லாமலே, எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் படிப்பது கடினமாக இருக்கும் பிறவி நிலை).

"வீட்டுல யாரும்மா வாசிச்சுக் காட்டுறது?"

"தெனமும் அவுக அப்பா மொதல்ல வாசிப்பாக. பெறகு அதையே இவ வாசிக்கணும். எங்க வீட்டு வழக்கம்."

டாக்டரம்மா சிரித்தார். "இவ வாசிக்கல. கேட்டதத் திருப்பிச் சொல்லியிருக்கா."

பக்கத்தில் நின்ற என் கணவர் சரியாக அப்போது பார்த்துச் செருமினார். எஸ்தரும் செருமினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்ப நான் வாசிச்சதுதான் பிள்ளையக் கெடுத்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல. அதனால வரல. ஆனா வெளிய தெரியாம மறைச்சிருச்சு. இவளுக்கு இத்தனை சொல் தெரியுதுன்னா, அதுவும் உங்க வாசிப்பாலதான். தொடர்ந்து வாசிச்சுக் காட்டுங்க. இவ வாசிக்கப்போறத மட்டும் முன்னாடியே சொல்லிராதீங்க."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வழக்கத்தைத் திருப்பிப் போட்டோம். கேட்டிராத பகுதியை முதலில் எஸ்தர் வாசிப்பாள், பிறகு அப்பா. பகலில் மணலில் எழுத்தை விரலால் எழுதி, ஒலியைச் சொல்லிப் பழகினாள். ஒரு வரியை அவள் முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். மதினி பெருமூச்சு விடுவார்.

திக்கித் திக்கி வந்த அந்த மெல்லிய குரல் எனக்குப் பழக்கமே இல்லாதது. அதுவரை என் வீட்டில் வாசித்தது யாரோ, இது யாரோ என்றிருந்தது. முதல் சில நாட்கள் அதற்கும் பயந்தேன்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு மாலை, அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

குரல் பாதிச் சொல்லில் நின்றது.

"ம்மா, எழுத்து தெரியல. வெளக்கக் கொண்டாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. கணவர் விம்முவது கேட்டது.

இப்போதும் ஜெபத்தின் நடுவில் கரண்ட் போனால் என் கை உடனே தீப்பெட்டிக்குப் போவதில்லை. காதுதான் முந்துகிறது, குரல் நின்றுவிட்டதா என்று. நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.